மீன் குஞ்சும் கொசுப் புழுவும்

கொசுவின் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப் புழுவாகி, சிறகு முளைத்து, இரவு பத்து மணிக்கு நம் காதருகே வந்து ஆலாபனை ஆரம்பிப்பதற்கு, வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் போதும். அந்தக் கொசுப் புழுவைத் தின்று ஜீவிக்கும் சிறு மீன் ஒன்று நம் நாட்டு ஓடைகளில் இருக்கிறது. அதன் முட்டை பொரிவதற்கே சுமார் இரண்டு வாரம் ஆகிறது. பொரிந்த குஞ்சு வளர்ந்து, தானும் முட்டையிடும் வயதை அடைய இன்னும் பல மாதங்கள் வேண்டும்.

இந்தக் கணக்கைக் கேட்டதும், "அப்படியானால் கொசு ஜயித்தது, மீன் தோற்றது" என்று நேயர்கள் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடும். அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறோம். இதே மாதிரி அவசரமான தீர்ப்பினால் நம் தேசத்து நீர்நிலைகளுக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

முதலில் மீனைப் பரிச்சயம் செய்து வைத்து விடுகிறோம்.

மீன் வளர்ப்பவர்கள் இந்த ஜாதிக்குக் "கில்லி மீன்" என்று பெயர் சொல்லுகிறார்கள். கில்லி என்றதும் தெருவில் சிறுவர்கள் ஆடும் கிட்டிப்புள்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர்களோ, "கில்" என்றால் கொல்லுவதாயிற்றே, இது என்ன கொலைகார மீனோ என்று பயப்படுவார்கள். அதுவும் இல்லை. டச்சு பாஷையில் சிற்றோடைக்குக் "கில்" என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் கில்லி என்று சொல்லுகிறார்கள். ஆகவே ஓடை மீன் என்று வைத்துக் கொள்ளலாம். உலகத்தில் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்த மீன்கள் ஆயிரம் வகைக்கு மேல் இருக்கின்றன.

நம்மவர்களில் முக்கியமானது அப்லோகைலஸ் லினியேட்டஸ் என்று சாஸ்திரிகள் நாமகரணம் செய்திருக்கும் மீன். மலையாளத்தில் இதற்கு அழகான பெயர் ஒன்று உண்டு: மானத்துக்கண்ணி. நம் கிராமத்தார் "மானம் பார்த்த பூமி" என்கிறார்களே, அந்த மானந்தான் இது. வாய் மேல் நோக்கி இருக்கும். முதுகு பலகை மாதிரித் தட்டையாயிருக்கும். தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல் ஒன்று மின்னும். மேலேயிருந்து பார்த்தால், அது வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் இன்னொரு கண் போலவே தோன்றும். நன்றாய் வளர்ந்தால் நாலங்குல நீளம் வரலாம். ஆண் மீனின் பக்கங்களில் பொன்தூள் தூவியது போல் வரிசை வரிசையாய்ப் புள்ளிகள் இருக்கும். பெண் மீனுக்குக் கறுப்புப் பட்டைகள் அதிகம், முதுகுத் துடுப்பின் அடியில் ஒரு கறுப்புத் திட்டும் உண்டு.

இந்த மீன் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரல் ஓடைகளிலும், வயல் வாய்க்கால்களிலும், குளங்களிலும் வாழ்வது. பழனி மலை என்பது அந்தத் தொடர்ச்சி மலை கிழக்கே நீட்டிய கரம் அல்லவா? அந்தக் கரத்தின் அடிவாரத்தில் பெரியகுளம், வத்தலக்குண்டு முதலிய ஊர்கள் இருக்கின்றன. மேலே சுமார் 7,000 அடி உயரத்தில் கோடைக்கானல் இருக்கிறது. இந்த இரண்டு மட்டங்களையும் நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் பிரயோஜனப்படும்.

இதே இனத்தில் இன்னும் சில உண்டு. அவற்றுள் ஒரு குள்ள வகைக்கு முதன் முதலில் சாஸ்திர முறைப்படி பெயர் கொடுத்தவர் டாக்டர் பி. சுந்தரராஜ். சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி அவர் 1916-ல் எழுதிய கட்டுரையில் அது வெளியாயிற்று. பிற்பாடு அவர் சென்னை மாகாண மீன் இலாகாவின் டைரக்டராகவும் இருந்தார். வெள்ளைக்கார டாக்டர்களும் காப்டன்களுமே நம் ஊர் மீன்களுக்குப் பெயரிட்டு வந்த காலத்தில் நம்மவர் ஒருவர் அந்த வரிசையில் சேர்ந்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

*

இனி, குஞ்சு வளர்க்கும் விஷயம்.

ஒரு ஆணும் இரண்டு பெண்ணுமாய்த் தொட்டியில் விட்டு, வேலம்பாசியைப் போட்டு வைத்தால், பெண் மீன் ஒரே நாளில் முட்டைகளைக் கொட்டிவிடாது. நாளுக்குச் சிலவாக, பல நாட்கள் தொடர்ந்து இட்டு வரும். பாசிக்குப் பதிலாகப் பச்சைக் கம்பளி நூலைக் கத்தையாகக் கட்டித் தக்கையில் தொங்கவிட்டாலும் போதும். முட்டை ஒவ்வொன்றும் கேழ்வரகுப் பிரமாணம் இருக்கும். கண்ணாடி மணி போல் தெளிவாயிருக்கும். மெல்லிய இழைகளால் நூலில் ஒட்டிக் கொண்டிருக்கும். இவ்வளவு கெட்டியான முட்டையை விரலால் எடுத்து வேறு பாத்திரத்தில் போடலாம், உடைந்துவிடாது.

வேறு பாத்திரத்தில் போடுவது அவசியம். ஏனென்றால், இந்த மீனிடம் மாதா பிதா என்ற பந்தமெல்லாம் செல்லாது. எதிரில் நெளிவது தான் பெற்ற பிள்ளையா, கொசுப் புழுவா என்று அது விசாரணை செய்வதில்லை.

ஜலம் 25 டிகிரி சென்டிகிரேட் அளவில் வெதுவெதுப்பாயிருந்தால், முட்டை பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாளுக்குள் பொரியும். நாலைந்து நாட்களிலேயே முட்டைக்குள் இரண்டு கரிய கண்கள் தெரிய ஆரம்பிக்கும். பிறகு, அந்தக் கண்கள் உள்ளேயே திரும்பிப் பார்ப்பதைப் பூதக் கண்ணாடி வைத்துக் குழந்தைகளுக்குக் காட்டலாம். எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு நன்றாய்ச் சொல்லிக் கொடுக்காது. வெண்மையாய்க் கலங்கிப் போன முட்டை செத்த முட்டை. அதில் பூஞ்சை பிடித்து மற்றவற்றுக்கும் பரவும். உடனே எடுத்தெறிந்து விட வேண்டும்.

பொரிந்த குஞ்சு கால் அங்குலம் கூட இராது. ஆனாலும் முதல் நாளிலிருந்தே ஜலத்தின் மேல்மட்டத்தில் வந்து நின்று இரை தேடும். வைக்கோலைச் சில நாள் தண்ணீரில் ஊறப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டாகும். அந்தத் தண்ணீரைச் சிறிது சிறிதாக விடலாம். கடைகளில் ஆர்ட்டீமியா என்ற உப்பு நீர்ப் பூச்சியின் முட்டை கிடைக்கிறது. உப்புத் தண்ணீரில் போட்டால் ஒன்றரை நாளுக்குள் பொரிந்துவிடும். அதுதான் குஞ்சுகளுக்கு மிகவும் ஏற்ற பால் சோறு. இரண்டு மூன்று வாரம் கழிந்த பின், துணியில் வடிகட்டிய மிகச் சிறிய கொசுப் புழுக்களைக் கொடுக்கலாம். கொடுக்கும்போது எண்ணிக்கை முக்கியம். குஞ்சுகள் தின்ன முடியாமல் மிச்சம் விட்ட புழுக்கள் சும்மா இருக்குமா? நாலாம் நாள் சிறகு விரித்துக் கொண்டு படுக்கையறைக்கு வந்து சேரும்!

இரண்டு எச்சரிக்கைகள்: குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால், அதை ஒரு நாளாவது திறந்த பாத்திரத்தில் வைத்திருந்துவிட்டுத்தான் விட வேண்டும், அதுவும் கொஞ்சங் கொஞ்சமாக. இரண்டாவது, தொட்டிக்கு மூடி வேண்டும். கில்லி மீன் குதிப்பதில் மகா சூரன்.

இப்படியெல்லாம் போஷித்தாலும் ஒரே நாளில் பொரிந்த குஞ்சுகள் ஒரே சீராய் வளருவதில்லை. ஒன்று தடியனாகும், ஒன்று நோஞ்சானாக நிற்கும். தடியன் நோஞ்சானை விழுங்குவான். ஆகையால் வாரத்துக்கு ஒரு முறை தரம் பிரித்து வேறு வேறு தொட்டியில் விடுகிறார்கள். சுமார் மூன்று மாதத்தில் ஆண் பெண் வித்தியாசம் தெரியும். முழு வளர்த்திக்கு ஆறு மாதமாவது ஆகும்.

"ஆறு மாதமா?" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்காக ஆப்பிரிக்கா தேசத்துச் சமாசாரம் ஒன்று சொல்லுகிறோம்.

*

ஜிம்பாப்வே, மொசாம்பிக் பிரதேசங்களில் மழைக் காலத்தில் மட்டும் ஜலம் நிற்கும் சிறு குட்டைகள் உண்டு. மற்ற மாதங்களில் அவை வெடித்த களிமண். அந்தக் குட்டைகளில் நோதோபிராங்கியஸ் பர்ஸெரி என்ற கில்லி மீன் வாழ்கிறது. 1971-ல்தான் அதற்குச் சாஸ்திரப் பெயர் கிடைத்தது. குட்டை வற்றினால் பெரிய மீன்கள் எல்லாம் மடிந்து போகின்றன. முட்டைகள் மாத்திரம் சேற்றுக்குள் புதைந்து, யோக நித்திரை செய்கிறவர்களைப் போல் மூச்சடக்கிக் கிடக்கின்றன. மறு மழை பெய்ததும் பொரிகின்றன. மொசாம்பிக் குட்டைகளில் ஆராய்ந்தவர்கள் 2018-ல் வெளியிட்ட விவரம் அதிசயமானது: பொரிந்த 14 நாளில் அந்த மீன் முட்டையிடும் பக்குவத்தை அடைந்து விடுகிறது! முதுகெலும்புள்ள பிராணிகளில் இவ்வளவு சீக்கிரம் வயதுக்கு வருவது வேறெதுவும் அப்போது தெரிந்திருக்கவில்லை.

பதினாலு நாள்! நம் மானத்துக்கண்ணியின் முட்டை பொரிவதற்குள் அந்த மீன் குஞ்சாயிருந்து குடும்பஸ்தனாகிவிடுகிறது.

ஆனால் அதன் ஆயுளைக் கேளுங்கள். ஆராய்ச்சிச் சாலைத் தொட்டியில் வைத்துப் போஷித்தாலும் சில மாதங்களில் கூன் விழுந்து, நிறம் மங்கி, கிழமாகிச் செத்துப் போகிறது. மூப்பு என்பது என்ன என்று ஆராய்கிறவர்கள் இதைத் தேடி வாங்குவதற்குக் காரணமே இதுதான். குட்டை வற்றுவதற்குள் வாழ்ந்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதன் உடம்பில் ஊறிப் போயிருக்கிறது. நம் மலைச் சாரல் ஓடையோ பெரும்பாலும் வருஷம் முழுதும் ஓடுகிறது. அதில் பிறந்த மீனுக்கு அந்த அவசரம் எதற்கு? ஆகவே குஞ்சு எவ்வளவு வேகமாய் வளரும் என்பதைப் பல தலைமுறைகளாக நிச்சயித்து வைத்திருப்பது, அது பிறந்த ஜலம்.

அந்த ஜலத்தின் உஷ்ணமும் முக்கியம். மீனின் உடம்புக்கென்று தனி உஷ்ணம் கிடையாது. ஜலம் எப்படியோ அப்படி. உயரே போகப் போக ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு அல்லது ஆறரை டிகிரி வீதம் காற்றின் உஷ்ணம் குறைகிறது. பெரியகுளத்துக்கும் கோடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,800 மீட்டர். அதாவது, உஷ்ணம் சுமார் பதினோரு பன்னிரண்டு டிகிரி குறையும். ஒரே தாயின் முட்டைகளைப் பாதி பெரியகுளத்திலும் பாதி கோடைக்கானலிலும் வைத்தால், கீழே குஞ்சுகள் நீந்திக் கொண்டிருக்கும்போது மேலே கரு இன்னும் முட்டைக்குள் தூங்கிக் கொண்டிருக்கும். நாள் அதிகமானால் பூஞ்சைக்கும் அவகாசம் அதிகம். பனிக்கால இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகும் மலையில், தொட்டிக்குச் சூடு வைக்காமல் இந்தக் குஞ்சை வளர்ப்பது நடக்கிற காரியமல்ல.

*

மீன் குஞ்சுக்கு விரோதமான இதே குளிர்தான் கோடைக்கானல் என்ற ஊரையே உண்டாக்கிற்று என்றால் ஆச்சரியமாயிருக்கிறதல்லவா?

1845-ம் வருஷத்தில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள், சமவெளியின் வெயிலுக்கும் வியாதிகளுக்கும் தப்புவதற்காக மலைமேல் இரண்டு பங்களாக்கள் கட்டிக் கொண்டார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே "கெட்ட காற்று" என்றுதான் இத்தாலிய பாஷையில் அர்த்தம். நல்ல காற்றைத் தேடி மேலே வந்தோம் என்றுதான் அந்தக் காலத்தவர் எண்ணினார்கள். 1897-ல் ஸிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்த பிறகுதான் உண்மை வெளியாயிற்று. காய்ச்சலின் கிருமி கொசுவின் உடலுக்குள் இருந்து பக்குவமடைய வேண்டும். 25 டிகிரியில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். சுமார் 16 டிகிரிக்குக் கீழே போனால் அது பக்குவமடைவதே இல்லை. கொசுவின் ஆயுள் முடிந்துவிடுகிறது. கிருமியின் கதையும் முடிந்துவிடுகிறது. ஆக, பாதிரிமார்களைக் காப்பாற்றியது காற்றின் நன்மை அல்ல. குளிர் செய்த தாமதம்.

மலைமேல் குடியேறியவர்கள் அங்கிருந்த ஜலத்தை அப்படியே விட்டு வைக்கவில்லை. 1863-ல் மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் சதுப்பாயிருந்த இடத்தில் கரை போட்டுச் சுமார் 60 ஏக்கர் ஏரியை உண்டாக்கினார். அதில் மீனும் கொண்டு வந்து விட்டார். ஏரி அழகானது என்பதில் சந்தேகமில்லை. அதன் வழிநீர்தான் மலைப் பாதையில் போகிறவர்கள் நின்று பார்க்கும் வெள்ளி அருவியாக விழுகிறது என்பார்கள். ஆனால் மலைமேல் விட்டது மலைமேலேயே நிற்காது என்பதையும் அந்த அருவியே சொல்லுகிறதல்லவா?

கொசுவை ஒழிக்க மீன் வேண்டும் என்று ஏற்பட்டபோதும் இதே வழக்கம் தொடர்ந்தது. 1910-வாக்கில் தென்னமெரிக்க மீனான கப்பி வந்தது. 1928-ல் இத்தாலியிலிருந்து காம்பூஸியா வந்தது. அதன் பூர்வீகம் அமெரிக்கா. அது முட்டையிடுவதில்லை, குஞ்சாகவே ஈனுகிறது. மூன்று நாலு வாரத்துக்கு ஒரு பிரசவம். பிறந்த குஞ்சு இரண்டு மாதத்துக்குள் தானும் தாயாகிவிடும். எந்த அழுக்கு ஜலத்திலும் பிழைக்கும். இதைவிட யோக்கியதாபட்சம் வேறென்ன வேண்டும் என்று எல்லாக் குளம் குட்டைகளிலும் விட்டார்கள். 1971-ல் ஆரம்பித்த நகர மலேரியாத் திட்டத்திலும் கொசுப் புழு தின்னும் மீன்களுக்கு இடம் கிடைத்தது.

அந்த மீன் கொசுப் புழுவைத் தின்றது வாஸ்தவம். ஆனால் கொசுப் புழுவோடு நின்றுவிடவில்லை. நாட்டு மீன்களின் முட்டைகளைத் தின்றது, குஞ்சுகளைத் தின்றது, பெரிய மீன்களின் துடுப்புகளைக் கடித்துக் குதறியது, தவளைக் குஞ்சுகளையும் விடவில்லை. உலகத்தில் மிகவும் கேடு விளைவிக்கும் அந்நிய உயிர்கள் நூற்றின் ஜாபிதாவை இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் தயாரித்தபோது அதில் காம்பூஸியாவும் இடம் பெற்றது. நாளுக்குச் சில முட்டைகளாக இட்டு, இரண்டு வாரம் காத்திருந்து பொரிக்கும் மானத்துக்கண்ணி, மாதம் ஒரு முறை குட்டி போடும் பகையாளியோடு எப்படிப் போட்டியிடும்?

*

இதைச் சொல்லும்போது, "சுதேசி மீனையே ஆதரியுங்கள்" என்று நாம் கொடி பிடிப்பதாக எண்ண வேண்டாம். மீனுக்குத் தேசாபிமானம் கிடையாது. ஆனால் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை இப்போது ஒரு தரம் சரியாய்ப் போட்டுப் பார்ப்போம்.

கொசு பத்து நாளில் வளருகிறது. நம் மீன் ஆறு மாதத்தில் வளருகிறது. இது ஓட்டப் பந்தயமாயிருந்தால் மீன் தோற்றதுதான். ஆனால் இது ஓட்டப் பந்தயம் அல்ல. கொசு முட்டையிட வரும்போது மீன் ஏற்கனவே அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால், பத்து நாளில் வளருகிற புழுவுக்குப் பத்து நாள் கிடைப்பதில்லை. வீட்டுக்குள் திருடன் நுழைந்த பிறகு காவல்காரனைப் பிள்ளையாகப் பெற்று வளர்த்து ஆளாக்க வேண்டுமென்றால் எந்தக் காவல்காரனும் போதாதுதான். வாசலில் முன்பே படுத்திருக்கிற காவல்காரன் அவசரப்பட்டு வளர வேண்டிய அவசியமில்லை. அவனைத் துரத்தாமல் இருந்தால் போதும்.

மீனால் ஆகக் கூடியதற்கும் எல்லை உண்டு. இந்த விஷயமாகப் பல நாடுகளில் செய்த பரிசோதனைகளைத் தொகுத்து 2017-ல் மறுபடியும் பரிசீலித்த நிபுணர்கள், மீன் விட்டதனால் மட்டும் ஜனங்களிடையே மலேரியா குறைந்தது என்று சொல்லத் தக்க சாட்சியம் இல்லை என்றே முடிவு கூறினார்கள். டெங்குக் கொசுவோ, மீன் போக முடியாத இடமாகப் பார்த்து, பூச்சட்டித் தட்டிலும் உடைந்த தேங்காய் ஓட்டிலும் முட்டையிடுகிறது. அங்கே நம் கைதான் மீன். வாரத்துக்கு ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குச் சரியான மூடி போட வேண்டும். மூட முடியாத தோட்டத்துத் தொட்டிக்கும், கிணற்றுக்கும், அல்லிக் குளத்துக்கும் மட்டுமே மானத்துக்கண்ணி.

அதையும் மலையோடையில் போய்ப் பிடித்து வரக் கூடாது. கோடைக்கானல் காடுகள் 2013-ல் வன விலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம். வளர்த்து விற்கிறவர்களிடம் இரண்டு ஜோடி வாங்கி, மேலே சொன்னபடி குஞ்சு பொரித்துக் கொண்டால், ஒரு வருஷத்தில் அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வீட்டில் மீன் அதிகமாகி விட்டாலோ, ஊரை விட்டு மாற்றலாகிப் போகும்படி நேர்ந்தாலோ, நம் வீட்டு ஸ்திரீகளும் குழந்தைகளும் தொட்டி மீனைக் கொன்று போட மனமில்லாமல், "ஏரியில் விட்டால் புண்ணியம்" என்று கொண்டு போய் விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய ஜீவகாருண்யத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் விடுகிற மீன் அந்நிய மீனாயிருந்தால், ஒரு உயிருக்குச் செய்த அந்தப் புண்ணியம், அந்த ஜலத்தில் முட்டைக்குள் கண் விழித்துக் கொண்டிருக்கும் எத்தனையோ உயிர்களுக்கு யமனாய் முடியும். மலையில் விட்டது அருவியோடு கீழே இறங்கும். வாய்க்காலில் விட்டது ஊர் ஊராய்ப் போகும். பிறகு திரும்பப் பிடிக்க எந்த வலையும் கிடையாது. வேண்டாத மீனை வேண்டும் என்கிறவர்களிடம் கொடுங்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தாலும் சரி. ஓடையில் மட்டும் விடாதீர்கள்.